13-லிருந்து 16: ஒரு வயசுக் கோட்டின் கதை

இன்னைக்கு நாம போகப் போறது 1885-ஆம் வருஷத்து லண்டனுக்கு. விக்டோரியா மகாராணி காலம். அந்த ஊர்ல 13 வயசு முடிஞ்ச ஒரு பொண்ணை வயசுல பெரிய ஆள் ஒருத்தர் தப்பா பயன்படுத்திக்கிட்டா, "அவளும் சம்மதிச்சா"ன்னு சொல்லித் தப்பிச்சிடலாம். சட்டமே அப்படித்தான் இருந்தது. அந்த 13-கூட 1875-ல வந்ததுதான். அதுக்கு முன்னாடி 12.

இதை மாத்தணும்னு ஜோசஃபின் பட்லர் மாதிரியான பெண்கள் குரல் கொடுத்தாங்க. மசோதா நாடாளுமன்றத்துக்கு வரும், ஆனா நகராது. எதிர்த்தவங்க சொன்ன காரணங்கள்ல ஒண்ணு: வயசை உயர்த்தினா ஆம்பளைங்களை மிரட்டிப் பணம் பறிப்பாங்களாம். கவனிச்சீங்களா? ஆபத்துல இருக்கிறது 13 வயசுப் பொண்ணு. கவலை எல்லாம் பெரியவங்களைப் பத்தி.

இங்கதான் வில்லியம் ஸ்டெட் வர்றார். பால் மால் கெஸட் பத்திரிகையோட ஆசிரியர். லண்டன்ல சின்னப் பொண்ணுங்களை எவ்வளவு சுலபமா விலைக்கு வாங்கலாம்னு 1885 ஜூலையில ஒரு தொடர் எழுதினார். அதை நிரூபிக்க அவரே ஆள் வெச்சு, எலைசா ஆம்ஸ்ட்ராங் என்ற 13 வயசுப் பொண்ணை 5 பவுண்டு பேசி வாங்கினார். டபிள்யூ. ஹெச். ஸ்மித் கடைகள் அந்தப் பத்திரிகையை விற்கவே மறுத்தாங்க. ஆனாலும் ஊர் கொதிச்சது. ஆகஸ்ட் 14-ஆம் தேதி புதுச் சட்டம் வந்தது. 13 என்பது 16 ஆச்சு.

இந்தக் கதையில ரெண்டு சங்கடம் இருக்கு. முதல் சங்கடம் எலைசா. வீட்டு வேலைக்குப் போறோம்னு நம்பித்தான் அவ கிளம்பினா. அவளுக்கு மயக்க மருந்து கொடுத்தாங்க, மருத்துவச்சி ஒருத்தர் சோதிச்சுப் பார்த்தாங்க. அவகிட்ட யாரும் எதையும் கேட்கல. நல்ல காரியத்துக்காகத்தான்னு சொன்னாலும், அவளைப் பொறுத்தவரை அதுவும் பெரியவங்க செஞ்ச ஏமாற்றுதான். பிறகு ஸ்டெட்டுக்கு 3 மாசம் ஜெயில். எதுக்குத் தெரியுமா? அப்பாவோட அனுமதி வாங்காம பொண்ணைக் கூட்டிட்டுப் போனதுக்கு! அந்த வழக்குல பெருசா நின்ன கேள்வி அப்பாவோட சம்மதம்தான்.

ரெண்டாவது சங்கடம் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. 13-லிருந்து 16 வரைக்குமான பொண்ணுங்க விஷயத்துல, சம்பவம் நடந்து 3 மாசத்துக்குள்ள வழக்கு போட்டாகணும். "அவளுக்கு 16 ஆயிடுச்சுன்னு நெனச்சேன்"னு நியாயமான காரணத்தோட சொன்னா, ஆள் வெளிய வந்துடலாம். பயந்துபோன ஒரு பதினாலு வயசுப் பொண்ணு 3 மாசத்துல வாயைத் திறப்பாளா? அந்தக் கெடு 1904-ல 6 மாசம், 1922-ல 9 மாசம்னு நத்தை வேகத்துல நகர்ந்தது. இன்னொண்ணும் சொல்லணும். அந்த 16 என்ற கோடு பொண்ணுங்களுக்காகப் போட்டது. பசங்களைப் பத்தி அங்க யோசனை இல்லை.

அப்போ நம்ம ஊர் எப்படி இருந்தது? 1860-ல வந்த இந்திய தண்டனைச் சட்டம் போட்ட கோடு 10 வயசு. 1891-ல, கடுமையான எதிர்ப்புக்கு நடுவுல, அது 12 ஆச்சு. அதாவது அங்க 16, இங்க 12, ரெண்டையும் ஆண்டது ஒரே சாம்ராஜ்யம்!

என்னைப் பொறுத்தவரை, இந்த வரலாற்றுல நிஜமான முன்னேற்றம் எண் ஏறினதுல மட்டும் இல்ல. கேள்வி யாரைப் பார்த்துத் திரும்புச்சு என்பதுலதான் இருக்கு. "அவ ஒத்துக்கிட்டாளா?" என்ற கேள்வி குழந்தையைக் கூண்டுல ஏத்துது. "அந்தப் பெரியவர் ஏன் அங்க இருந்தார்?" என்ற கேள்வி வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. பிரிட்டன்ல 2000-ல, ஆசிரியர் மாதிரி பொறுப்புல இருக்கிறவங்க, தங்கள் கண்காணிப்புல உள்ள 16, 17 வயசுக்காரங்ககிட்ட அப்படி நடந்துக்கிட்டாலும் குற்றம்னு சட்டம் வந்தது. 2003-ல இன்னொரு படி: தொடர்ந்து பேசி, நம்பிக்கையைச் சம்பாதிச்சு, தப்பான நோக்கத்தோட ஒரு சிறாரைப் பார்க்கக் கிளம்பிப் போறதே குற்றம். அதாவது விபரீதம் நடக்குற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

நம்ம போக்சோ சட்டம் 2012-ல வந்தது. கோடு 18. பையன், பொண்ணு ரெண்டு பேருக்கும் பொது. பாலியல் நோக்கத்தோட ஒரு சிறாரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்றதோ, நேர்லயோ போன்லயோ தொடர்புகொள்றதோகூட அதுல குற்றம்.

ஆனா வீடுகள்ல இன்னும் 1885-தான் ஓடுது. எட்டாவது படிக்கிற தங்கச்சி வந்து, "அந்த அண்ணன் ராத்திரில மெசேஜ் பண்றாரு, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுங்கறாரு"ன்னு சொன்னா, நம்ம முதல் கேள்வி, "நீ எதுக்கு ரிப்ளை பண்ண?" இதைக் கேட்டா அடுத்த தடவை அவ சொல்ல மாட்டா. "சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல"ன்னு ஆரம்பிங்க. மெசேஜை அழிக்காதீங்க. 1098-க்கு அடிங்க. அதுதான் குழந்தைகள் உதவி எண்.

இந்த எபிசோடைக் கேட்கிற உங்களுக்கு இருபது, இருபத்தஞ்சு வயசு இருக்கலாம். அம்மா அப்பாகிட்ட சொல்ல முடியாததை உங்ககிட்ட சொல்ல ஒரு தம்பியோ தங்கச்சியோ இருப்பாங்க. அவங்க பேச வரும்போது, கேள்வியைச் சரியான ஆள் பக்கம் திருப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.