ஸ்டாப்வாட்ச் யார் கையில்? ஊக்கக் கோட்பாடுகளும் தொழிலாளியின் முடிவெடுக்கும் உரிமையும்

அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஒரு வேலை இருந்தது. சுமார் 42 கிலோ எடையுள்ள கச்சா இரும்புப் பாளத்தைக் குனிந்து தூக்க வேண்டும். சாய்பலகையில் ஏறி, சரக்கு ரயில் பெட்டிக்குள் போட வேண்டும். ஓர் ஆள் நாளொன்றுக்கு 12.5 டன் ஏற்றினார். எப்போது தூக்குவது, எப்போது உட்காருவது என்று பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லச் சொல்ல, அதே வேலையில் ஒருவர் 47.5 டன் ஏற்றியதாக பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் 1911-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கானது. கூலி அறுபது சதவீதம் உயர்ந்தது.

மேலாண்மைப் பாடநூல்கள் ஊழியர் ஊக்கத்தின் வரலாற்றை டெய்லர், மேயோ, மாஸ்லோ, ஹெர்ஸ்பெர்க் என்று பெயர் வரிசையாகச் சொல்லிச் செல்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு கோட்பாடு, ஒரு வரைபடம். ஆனால் அந்த வரிசை முழுவதும் இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது: வேலையை எப்படிச் செய்வது என்ற முடிவை எடுப்பவர் யார்? இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் படித்தால்தான் எந்தக் கோட்பாடு ஆலையில் நின்றது, எது வகுப்பறையோடு நின்றது என்பது புரியும்.

மூளை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம்

டெய்லரின் அடிப்படைக் கொள்கை தெளிவானது. யோசிக்கும் வேலை முழுவதும் திட்டப் பிரிவுக்குப் போக வேண்டும். தொழிலாளிக்குச் செய்யும் வேலை மட்டும். அதிகக் கூலி அதற்கான ஈடு. இரும்புப் பாளக் கதையை டெய்லர் மெருகேற்றிச் சொல்லியிருக்கிறார் என்பதை 1974-இல் சார்லஸ் ரெஜி, அமடியோ பெரோனி இருவரும் ஆலை ஆவணங்களைக் கொண்டு எடுத்துக்காட்டினார்கள். அதற்குள் அந்தக் கொள்கை உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

எதிர்ப்பு அன்றே எழுந்தது. 1911 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையில், ஸ்டாப்வாட்ச் வைத்துத் தங்கள் வேலையை அளப்பதை எதிர்த்து வார்ப்படத் தொழிலாளர்கள் வெளிநடப்பு செய்தனர். நாடாளுமன்ற விசாரணை நடந்தது. 1915-இல், இராணுவத் தொழிற்சாலைகளில் இந்த முறைக்கு நிதி செலவிடக் கூடாதென்று அமெரிக்க காங்கிரஸ் தடை விதித்தது.

ஹென்றி ஃபோர்டு வேறு வழியில் அதே சிக்கலைச் சந்தித்தார். நகரும் பொருத்துத் தளம் வந்த 1913-இல், அவருடைய ஆலையில் ஆள் மாற்றம் ஆண்டுக்கு சுமார் 370 சதவீதத்தை எட்டியது. வேலைக்கு வந்தவர்கள் நிற்கவில்லை. 1914 ஜனவரி 5 அன்று எட்டு மணி நேர வேலை, நாளுக்கு ஐந்து டாலர் என அறிவித்தார். ஆட்கள் தங்கினார்கள். ஆனால் அந்த ஐந்து டாலரைப் பெறத் தகுதியுண்டா என்று பார்க்க, நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தொழிலாளர் வீடுகளுக்கே போனார்கள். பணம் கூடியது, முடிவெடுக்கும் இடம் மாறவில்லை.

ஹாதார்ன் ஆலையில் நடந்தது

சிகாகோவை ஒட்டிய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1930-களின் தொடக்கம் வரை ஆய்வுகள் நடந்தன. முதலில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள்; உற்பத்தி வெளிச்சத்துக்குக் கட்டுப்படவில்லை. 1927-இல் தொலைபேசி ரிலேக்களைப் பொருத்தும் ஐந்து பெண்களைத் தனி அறையில் அமர்த்தி, ஓய்வு இடைவேளை, வேலை நேரம், கூலிமுறை ஆகியவற்றை மாற்றினார்கள். உற்பத்தி உயர்ந்தது. மனிதரைக் கவனித்தாலே உழைப்பு பெருகும் என்ற பாடத்தை எல்டன் மேயோவும் அவர் வழி வந்தவர்களும் இதிலிருந்து எடுத்தார்கள்.

அந்தப் பாடத்தில் விடுபட்டவை இரண்டு. மாற்றங்களைச் செய்யுமுன் அந்தப் பெண்களை மேலாளர் அறைக்கு அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். சாதாரணத் தளத்தில் யாருக்கும் கிடைக்காத வாய்ப்பு அது. இன்னொன்று, 1928 ஜனவரியில், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று ஐவரில் இருவர் அகற்றப்பட்டு வேறு இருவர் அமர்த்தப்பட்டனர். 1967-இல் அலெக்ஸ் கேரி இதைச் சுட்டிக்காட்டி, ஹாதார்ன் முடிவுகளைக் கடுமையாக விமர்சித்தார். கருத்துக் கேட்பார்கள், ஆனால் எதிர்க்கருத்துக்கு இடமில்லை என்ற நிலை அங்கே இருந்தது.

பைஜாமா ஆலையின் சோதனை

முடிவெடுப்பதில் தொழிலாளியின் பங்கு பற்றிய நேரடியான சோதனை வர்ஜீனியா மாநிலத்தின் மரியன் ஊரில் இருந்த ஹார்வுட் ஆலையில் நடந்தது. உளவியலாளர் குர்ட் லெவினின் தாக்கம் பெற்ற ஆலை அது. லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் அதன் முடிவுகளை 1948-இல் வெளியிட்டனர்.

மாற்றம் மிகச் சிறியது. பைஜாமாக்களைத் தேய்ப்பவர்கள் அதுவரை அரை டஜனாக அட்டைமேல் அடுக்கி வந்தார்கள். இனி பெட்டிக்குள் அடுக்க வேண்டும். முதல் குழுவுக்கு வழக்கம்போல் புதிய முறையையும் புதிய கூலி விகிதத்தையும் அறிவித்து, காரணமும் சொன்னார்கள். நாற்பது நாளில் அந்தக் குழுவில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். மற்றவர்களின் வேகம் மீளவில்லை. வேறு வேலைகளில் இதே அளவு மாற்றம் செய்யப்பட்ட குழுக்களில், வேலையை எப்படி மாற்றுவது என்ற வடிவமைப்பிலேயே எல்லோரும் பங்கேற்றார்கள். அவர்கள் விரைவில் பழைய நிலைக்கு வந்து, அதைவிடச் சுமார் 14 சதவீதம் மேலே போனார்கள். அவர்களில் ஒருவரும் விலகவில்லை. இன்னும் அழுத்தமான சான்று பிறகு வந்தது: முதல் குழுவில் எஞ்சியிருந்தவர்களையே, இரண்டரை மாதம் கழித்து வேறொரு வேலைக்குப் பங்கேற்பு முறையில் மாற்றியபோது, அவர்களும் வேகமாக முன்னேறினார்கள். ஆட்கள் அவர்களேதான், முடிவெடுத்த முறைதான் வேறு.

அகமதாபாத் தறிக்கூடம்

இந்தியாவிலும் இதற்கு ஒரு முக்கியச் சான்று உண்டு. அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகளை நிறுவியும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. கௌதம் சாராபாயின் நிர்வாகத்தில் இருந்த அந்த ஆலைக்கு 1953-இல் லண்டனின் டேவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஆய்வாளர் ஏ.கே. ரைஸ் வந்தார். வேலை பன்னிரண்டு பணிகளாகத் துண்டாடப்பட்டிருந்தது: நெய்பவர், அறுந்த இழையைச் சீர்செய்பவர், பாபின் சுமப்பவர், எண்ணெய் விடுபவர், கூட்டுபவர் என்று. ஒவ்வொரு பணிக்கும் தறிகளின் எண்ணிக்கை வேறு வேறாக இருந்ததால், யாரோடு யார் சேர்ந்து வேலை செய்கிறார் என்பதே குழப்பமாக இருந்தது.

ஒரு தொகுதித் தறிகளை ஒரு சிறு குழுவின் பொறுப்பில் விடலாம் என்ற யோசனையை ரைஸ் முன்வைத்தார். தொழிலாளர்கள் காத்திருக்கவில்லை, மறுநாளே தாங்களாகக் குழுக்களை அமைத்துக்கொண்டு வந்தார்கள். தொடக்கத் தடுமாற்றங்களுக்குப் பின் தறிகளின் செயல்திறன் 80 சதவீதத்திலிருந்து 95 சதவீதமானது. சேதம் 32-இலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பல ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் எரிக் மில்லர் அங்கே திரும்பிப்போய்ப் பார்த்தபோது ஒரு தறிக்கூடத்தில் குழுமுறை நிலைத்திருந்தது. மற்றவற்றில் பழைய பிரிவினை திரும்பியிருந்தது. பலன் தரும் முறையும் நிர்வாகத்தின் தொடர்ந்த ஆதரவு இல்லாமல் தேய்ந்துவிடும் என்பதையும் அகமதாபாத் காட்டுகிறது.

கோட்பாடுகளின் காலம்

இந்தச் சோதனைகளின் காலத்தில்தான் இன்று பாடமாக உள்ள கோட்பாடுகள் வந்தன. 1943-இல் ஆபிரகாம் மாஸ்லோ மனிதத் தேவைகளை வரிசைப்படுத்தினார். அவர் பெயரால் வரையப்படும் பிரமிடு அந்தக் கட்டுரையில் கிடையாது. 1959-இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் பகுதியின் 203 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்ட ஆய்வை வெளியிட்டார். சம்பளமும் வேலைச் சூழலும் சரியில்லாவிட்டால் அதிருப்தி வரும். அவை சரியானதால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது. சாதனை, பொறுப்பு போன்றவையே ஊக்கம் தரும் என்றார். 1960-இல் டக்ளஸ் மெக்ரிகர் நிர்வாகத்தின் அடிப்படை நம்பிக்கையிலேயே கைவைத்தார். தொழிலாளி சோம்பேறி என்று நம்பும் நிர்வாகம் கண்காணிக்கிறது. பொறுப்பேற்பவர் என்று நம்பும் நிர்வாகம் பொறுப்பைத் தருகிறது.

முடிவெடுக்கும் இயலும் இணையாக வளர்ந்தது. எந்த நிர்வாகிக்கும் எல்லாத் தகவலும் கிடைக்காது, கிடைத்ததையும் முழுமையாக அலச நேரமில்லை என்று ஹெர்பர்ட் சைமன் 1947-இல் வாதிட்டார்; 1978-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். டெய்லரின் திட்டப் பிரிவு எல்லாம் அறிந்தது என்ற நம்பிக்கைக்கு இது பெரிய அடி.

இரண்டு ஓடைகளும் விக்டர் வ்ரூமிடம் கலந்தன. 1964-இல் ஊக்கம் பற்றிய எதிர்பார்ப்புக் கோட்பாட்டைத் தந்த அவரே, 1973-இல் பிலிப் யெட்டனுடன் சேர்ந்து, மேலாளர் எப்போது தனியாக முடிவெடுக்கலாம், எப்போது கலந்துபேச வேண்டும், எப்போது குழுவிடமே விட வேண்டும் என்பதற்கு ஒரு முறையை வகுத்தார். தொழிலாளரின் ஒப்புதல் இல்லாமல் நடக்காத வேலையில் தனி முடிவு பயன்படாது என்பது அதன் சாரம்.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இருந்த ஒரு கார் ஆலையில் இது மெய்ப்பிக்கப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய ஆலையை டொயோட்டாவுடன் சேர்ந்து 1984-இல் திறந்தது. தொழிற்சங்கம் அதே, தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழையவர்களே. முன்பு 20 சதவீதத்துக்கு மேல் இருந்த வேலைக்கு வராமை 3 அல்லது 4 சதவீதமாக இறங்கியது. கோளாறு கண்டால் கயிற்றை இழுத்துத் தளத்தையே நிறுத்தத் தொழிலாளிக்கு உரிமை இருந்தது. ஒருவர் வேலையை ஒருவர் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து, செய்முறையை அவர்களே திருத்தினார்கள். வாட்டர்டவுனில் வேலைநிறுத்தத்தை மூட்டிய அதே கருவி இங்கே தொழிலாளிக்கு உதவியது.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது?

நூறு பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்களில் இரு தரப்பும் அமரும் பணிக்குழுவை அமைக்க ஆணையிடலாம் என்றது 1947 தொழில் தகராறுகள் சட்டம். நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்புக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்று 1976-இல் அரசியலமைப்பில் 43அ பிரிவு சேர்ந்தது. ஆனால் பணிக்குழு எதைப் பேசலாம் என்று 1959-இல் இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் வழியே வகுத்த பட்டியலில் காற்றோட்டம், விளக்கு, குடிநீர், கேன்டீன் ஆகியவை உண்டு. பணிச்சுமை நிர்ணயமும் ஊக்கத்தொகைத் திட்டங்களும் விலக்கப்பட்டன.

ஹார்வுட்டிலும் அகமதாபாத்திலும் ஃப்ரீமான்ட்டிலும் பலன் தந்தது, வேலையின் முறையைத் தீர்மானிப்பதில் தொழிலாளிக்குக் கிடைத்த பங்கு. நம் பட்டியல் அந்தக் கதவைத்தான் மூடியது. ஊழியருக்கு ஊக்கப் பயிற்சி வகுப்பு நடத்தும் நிறுவனங்கள், அதற்கு முன் பணிச்சுமையையும் செய்முறையையும் பற்றிய பேச்சைப் பணிக்குழுவின் மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.