ஆயி மண்டபத்திலிருந்து மேற்கே

என் அக்கா மகன் பாரிஸை ஒட்டிய ஒரு புறநகரில் பிறந்து வளர்ந்தவன். பாண்டிச்சேரிக் குடும்பங்களில் இது அதிசயமில்லை. 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் பலர் இன்று அங்கேதான் இருக்கிறார்கள். போன தை மாதம் வந்தவனை, வருகிற எல்லோரையும் போல ஒயிட் டவுனுக்கு அழைத்துப் போனேன். துய்மா வீதி, ரோமன் ரோலன் வீதி, மஞ்சள் சுவர்கள், அவற்றின்மேல் சரியும் காகிதப்பூ, வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சென்னை, பெங்களூர்க்காரர்கள். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தவன் கடைசியில் தன் தட்டுத்தடுமாறும் தமிழில் கேட்டான்: "மாமா, இதெல்லாம் எங்க ஊரு மாதிரியே இருக்கு. உங்க ஊரு எங்க?"

அப்போது பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். புதுச்சேரி அரசின் சின்னமாக இருப்பது இந்த மண்டபம்தான். கிரேக்க, ரோமானியத் தூண்களும் வளைவுகளுமாக, பார்த்தால் முழு வெள்ளைக்காரக் கட்டடம். ஆனால் பெயர் ஒரு தமிழ்த் தாசியுடையது. உள்ளே சாமி கிடையாது. தண்ணீருக்காகக் கட்டிய மண்டபம் அது. "எங்க ஊரு இந்தத் தண்ணி வந்த வழியில இருக்குடா. நாளைக்குப் போலாம்" என்றேன்.

ஆயி கதையை எங்கள் வீட்டில் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். விஜயநகர மன்னர் (கிருஷ்ணதேவராயர் என்பார்கள்) இந்தப் பக்கம் வந்தபோது, இரவில் விளக்கொளி வீசிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கைகூப்பினாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னாராம். ஆயி அழவில்லை. "நானே இடிக்கிறேன், அந்த இடத்தில் ஒரு குளம் வெட்ட மட்டும் தவணை கொடுங்கள்" என்று கேட்டாள். முத்திரைப்பாளையத்தில் அவள் வெட்டிய குளம் வற்றவேயில்லை. இது கதை. மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், 1860களில், முத்திரைப்பாளையத்து ஊற்றுகளிலிருந்து வாய்க்கால் அமைத்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்பது வரலாறு. லமேரேஸ் என்ற பொறியாளர் அந்த வேலையைச் செய்தார். ஆயியின் கதையைக் கேட்டு நெப்போலியனே மண்டபம் எழுப்பச் சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. மெய்யோ பொய்யோ, கவர்னர் மாளிகைக்கு எதிரே ஒரு தாசியின் பெயர் நின்றுவிட்டது.

மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு மேற்கே போனோம். கடற்கரையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் போனால் தரை மெல்ல ஏறும், மண் சிவக்கும். மலை என்று சொல்ல முடியாது, உயரம் ஏறக்குறைய நூறு அடிதான். கோரிமேடு என்ற பெயரிலேயே மேடு இருக்கிறது. கோரி என்றால் கல்லறை. இன்று அங்கே ஜிப்மர் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் மேடு இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் ஆங்கிலேயப் படைக்குத் தெரிந்திருந்தது. 1778 ஆகஸ்டில் ஹெக்டர் மன்றோ பாண்டிச்சேரியை முற்றுகையிட வந்தபோது முதலில் பாளையம் இறங்கியது இந்தச் செம்மண் மேட்டில்தான். கவர்னர் பெல்கோம் அக்டோபரில் சரணடைந்தார். ஊரைக் கடலிலிருந்து பார்ப்பவருக்குக் கோட்டையும் கொடிமரமும் தெரியும். ஊரைப் பிடிக்க வந்தவர் மேட்டையும் பார்த்தாக வேண்டும்.

மேட்டின் மண் மழையை வாங்கிவைத்துக்கொள்ளும் மண். கடலூர் மணற்கல் என்று புவியியலார் சொல்லும் பாறைப் படிவம் அது. மேலே பெய்த மழை மெல்ல உள்ளே இறங்கி, அடிவாரத்தில் ஊற்றாகக் கசியும். முத்திரைப்பாளையம் அப்படிப்பட்ட அடிவாரம். ஊர் அதைவிடத் தாழ்வில் இருப்பதால் வாய்க்காலில் தண்ணீர் தானாக ஓடி வந்தது. ஆயி கதையில் வரும் வற்றாத குளத்துக்கும் காரணம் இந்த மண்தான் என்று தோன்றுகிறது.

அங்கிருந்து ஊசுடு. ஒயிட் டவுன் பார்க்க வருபவர்களில் பத்தில் ஒருவர்கூட இந்த ஏரிக்கு வருவதாகத் தெரியவில்லை. கரையில் ஏறியதும் பையன் பேச்சை நிறுத்திவிட்டான். ஏறக்குறைய 800 ஹெக்டேர் பரப்பு, எதிர்க்கரை புகைமூட்டமாகத் தெரிகிறது. ஏரியில் பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. புதுச்சேரி அரசு தன் பங்கை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நாரைகளுக்கும் நாமக்கோழிகளுக்கும் எல்லைக்கோடு கிடையாது. வலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டான். "மழ பேஞ்சா வரும் தம்பி. மீதி செஞ்சி ஆத்துலேந்து வாய்க்கால்ல வரும்" என்றார்.

அவர் சொன்ன செஞ்சி ஆறுதான் சங்கராபரணி. வராக நதி என்றும் சொல்வார்கள். செஞ்சி மலைகளில் பிறந்து கிழக்கே வருகிறது. சுத்துக்கேணியில் தடுத்து, வாய்க்கால் வழியாக ஊசுடுக்குத் திருப்புகிறார்கள். மிச்சம் வில்லியனூரைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. அதன் ஒரு கிளையான அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலி மண்பாண்டமும் ஒயின் சாடிகளும் கிடைத்த இடம். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்குப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றின் வாயில் கப்பல் வியாபாரம் நடந்திருக்கிறது. இதைச் சொன்னதும் பையன் சிரித்தான். "அப்ப பிரெஞ்சுக்காரங்க லேட்டு."

ஆற்றைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் திருவக்கரை. வழியெல்லாம் ஜல்லி லாரிகள், கல்குவாரிப் புழுதி. கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. சந்திரமௌலீஸ்வரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். அதைக் கற்றளியாக்கியவர் செம்பியன் மாதேவி. கூட்டம் வருவது பெரும்பாலும் வக்கிரகாளிக்காக, அதுவும் பௌர்ணமி இரவில். கோயிலைத் தாண்டி ஒரு கம்பிவேலிக்குள் நுழைந்தால், செம்மண்ணில் அடிமரங்கள் கிடக்கின்றன. பட்டையும் முடிச்சும் ஆண்டு வளையமும் தெரிகின்றன. தட்டினால் கல்.

வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள். சில 15 மீட்டர் நீளம். கிளையோ இலையோ வேரோ எதிலும் இல்லை. இவை இங்கே வளர்ந்தவை அல்ல, எங்கோ மேட்டில் வளர்ந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை என்று இதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். மணலில் புதைந்து, மரத்தின் ஒவ்வோர் அணுவறையிலும் மணிக்கல் சத்து புகுந்து, மரம் மரமாகவே கல்லாகிவிட்டது. புளி, ஆமணக்குக் குடும்பத்து மரங்களும் இதில் அடக்கம். ஊர்க்காரர்கள் சொல்வது வேறு. காளியும் பெருமாளும் வதைத்த அசுரர்களின் எலும்பாம் இவை. 1781இல் இதைப் பற்றி முதலில் எழுதிய ஐரோப்பியர் பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பிற்பாடு இதைத் தேசியப் பூங்காவாக்கியது.

பையன் ஒரு மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். "இதையும் ஆறுதான் கொண்டாந்துச்சா?" என்றான். இந்த ஆறு இல்லை, இதற்கும் முந்தைய ஏதோ ஓர் ஆறு என்றேன். அவனுக்கு வித்தியாசம் பெரிதாகப் படவில்லை. யோசித்தால் எனக்கும் படவில்லை. மரங்கள் புதைந்த அந்த மணல்தான் கல்லாகி, கோரிமேடு வரை சிவப்பாகப் படர்ந்திருக்கும் மணற்கல். ஆயியின் ஊற்று கசிவதும் அதிலிருந்துதான். இந்த வெள்ளம் சேர்த்த மணல் இல்லாவிட்டால் அந்த மண்டபமும் இல்லை.

திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. பயல் வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர் கேட்டான். அம்மா அடுப்படியிலிருந்த இருபது லிட்டர் கேனைச் சாய்த்து டம்ளரில் ஊற்றினாள். எங்கள் கொல்லைக் கிணறு உவர்த்துப் பதினைந்து வருடமாகிறது. கடலோரத்தில் மேலும் மேலும் போர் போட்டு உறிஞ்சியதில் கடல் உள்ளே வந்துவிட்டது. இப்போது அதில் துணி அலசினால்கூட நுரை வருவதில்லை.

"பாட்டி, இந்தத் தண்ணி எங்கேந்து வருது?"

அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. "கடைக்காரப் பையன் கொண்டாந்து போடுவான்பா" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். காலையில் ஊசுடுக் கரையில் அதே கேள்விக்கு ஒரு பெரியவர் ஆற்றின் பெயரைச் சொல்லியிருந்தார். நான் பேசாமல் கேனின் மூடியை எடுத்து மூடினேன்.