விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளில் செயலிவழிக் கற்றல்

விழுப்புரம் மாவட்ட உயர்கல்வியில் கைப்பேசிச் செயலிகள் பரவலாக நுழைந்தது 2020 மார்ச் ஊரடங்கின்போது. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, இரு ஊர்களிலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் ஆகியவற்றுக்குச் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பேருந்திலும் ரயிலிலும் வருபவர்கள் ஏராளம். வீட்டில் கணினி இல்லாதவர்களுக்குக் கைப்பேசியே வகுப்பறையானது.

பாடம் கேட்க கூகுள் மீட், ஜூம். பயிற்சித்தாள் ஒப்படைக்க கூகுள் கிளாஸ்ரூம். ஆனால் ஊரடங்கு முடிந்தும் நிலைத்தது வகுப்பு வாட்ஸ்அப் குழுதான். கரும்பலகையின் படம், கையெழுத்துக் குறிப்பின் பிடிஎஃப், பழைய வினாத்தாள், இன்டர்னல் தேர்வுத் தேதி எல்லாம் அதில்தான் வரும். கல்விக்கென்று உருவாக்கப்படாத ஒன்று கல்விச் செயலிகளை முந்தியதில் வியப்பில்லை: குறைந்த டேட்டாவில் ஓடும், புதிதாகக் கற்க வேண்டியதில்லை. குறையும் உண்டு. தேர்வுக்கு முந்தைய இரவில் மூன்றாம் யூனிட் குறிப்பைத் தேடுபவர், நூற்றுக்கணக்கான காலை வணக்கங்களைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

நேரலை வகுப்புகள் டேட்டாவை விழுங்கின. இதற்காகத் தமிழக அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா தரும் திட்டத்தை அறிவித்தது. சிக்னலுக்காக மொட்டை மாடி ஏறியவர்களுக்கு அது பாதித் தீர்வுதான்.

இணையவழி முறையான படிப்புகளில் முதன்மையானவை ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் நடத்தும் என்பிடெல் (2003), மத்திய அரசின் ஸ்வயம் (2017). ஸ்வயத்துக்கான 2021 விதிகளின்படி, ஒரு பருவத்தில் ஒரு பாடத்திட்டத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படிக்கக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். என்பிடெல் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழுக்கு மட்டும் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். மதிப்பெண்ணில் முக்கால் பங்கு அந்தத் தேர்வுக்கே.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம், திறன் பாடங்களைக் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது.

இவற்றின் பயன் எல்லாத் துறைக்கும் ஒன்றாக இல்லை. பொறியியல் மாணவருக்கு என்பிடெல் ஒரு சுரங்கம். தமிழ்வழியில் வரலாறோ பொருளியலோ படிப்பவருக்கு அதில் கிடைப்பது சொற்பம். அவர் யூடியூபில் டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையங்கள் ஏற்றும் தமிழ்க் காணொளிகளைப் பார்த்துப் பருவத்தேர்வுக்கும் படித்துக்கொள்கிறார்.