இலக்கணம் காத்த கதை

இலத்தீன் இலக்கணம் கற்போர் பழங்கதைகளை மொழிபெயர்த்தே பயிற்சி பெறுவர். இவ்வழக்கின் பழைய தடத்தை நான் லிவியஸ் அன்ட்ரோனிக்கஸிடம் காண்கிறேன். கிரேக்கரான இவ்வாசிரியர் கி.மு. 240இல் உரோமில் இலத்தீன் நாடகம் அரங்கேற்றியவர். ஹோமரின் ‘ஒடிசி’யையும் இலத்தீனாக்கினார். தொடக்க அடியிலேயே கிரேக்கரின் மியூஸை விடுத்து, உரோமரின் நீரூற்றுத் தெய்வமான கமேனாவை அழைத்தார். சொல்லை மட்டுமன்றி வழிபாட்டையும் பெயர்த்த துணிவு அது.

இரு நூற்றாண்டுகளின் பின், சிறுவன் ஹொரேஸ் பிரம்புக்குப் பேர்போன ஓர்பிலியஸிடம் லிவியஸின் கவிதைகளைப் பயின்றான். கவிஞரானபின் அவற்றை மெருகற்றவை என்றார். அழியட்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

ஆயினும் நூல் அழிந்தது. எஞ்சிய சில வரிகளைப் பெரும்பாலும் இலக்கணகாரரே காத்தனர். அந்தத் தொடக்க அடியும், பழைய வினைச்சொல் ஒன்றின் வடிவம் பற்றிய விவாதத்தில், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அவுலுஸ் கெல்லியஸ் எடுத்துக்காட்டியதால் கிட்டியது. வினைத்திரிபை வறட்டுப்பாடம் என்போருக்கு நான் இதனையே நினைவூட்டுவேன்.