லகாட் சாலையின் மிஸ்ஸியும் நம் நன்னிமார்களும்

இந்தப் பொன்விழா மலருக்காகப் பழைய படங்கள் கேட்டோம். குடும்பங்கள் கை நிறையக் கொடுத்தன. கடை திறப்பு, மீலாது விழா, ஹஜ்ஜுக்கு வழியனுப்பு என்று எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சொங்கோக்கு அணிந்த ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். பெண்கள் இருக்கும் படங்கள் மிகக் குறைவு. அவற்றிலும் கதவு நிலைக்குப் பின்னால் பாதி முகமோ, குழந்தையைத் தூக்கியிருக்கும் ஒரு கையோதான் தெரிகிறது. நன்னி, பெத்தும்மா, உம்மம்மா என்று ஊருக்கொரு விதமாக நாம் அழைத்த அந்தப் பெண்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, எழுத்தில் ஒரு வரிகூட எங்கள் கையில் இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. பனைக்குளம், சித்தார்கோட்டை, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து வந்த நம் முன்னோரில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். கடையநல்லூர், தென்காசி மக்கள்தான் முன்பே குடும்பத்தோடு கப்பலேறினார்கள். அவர்களுடைய பெண்கள் சிங்கப்பூரில் மசாலா இடித்து விற்றுக் குடும்பம் நடத்தியது தனி வரலாறு. மற்றவர்கள் ரஜூலா கப்பலில் வந்து, சில ஆண்டுகள் உழைத்து, மறுபடி அதே கப்பலில் ஊர் திரும்பிப் பிள்ளைகளின் முகம் பார்த்தார்கள்.

1941 டிசம்பரில் எல்லாம் நின்றுபோயிற்று. டிசம்பர் 11 அன்று பினாங்கில் குண்டு விழுந்தது. அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. கப்பல் இல்லை, கடிதம் இல்லை, மணியார்டரும் இல்லை. ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள், கணவன் உயிரோடு இருக்கிறாரா, இத்தா இருக்க வேண்டுமா என்பதுகூடத் தெரியாமல் ஊரில் எத்தனையோ பெண்கள் வீட்டை நடத்தினார்கள். இங்கிருந்த பெண்கள் மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பினார்கள். வயது வந்த மகள்களை மறைத்து வைத்தார்கள். தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் மனைவிமார் வாசலைப் பார்த்தபடியே இருந்தார்கள். இவற்றையெல்லாம் எவரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்த ஒரு பெண் நம் சாலையிலேயே இருந்தார். ஈப்போவிலிருந்து மெங்லெம்பு, லகாட் தாண்டிப் பூசிங் போகும் வழியில் உள்ள சிற்றூர் பப்பான். முதலில் மண்டைலிங் மக்களும் பிறகு ஈயம் தேடி வந்த சீனர்களும் குடியேறிய இடம் அது. அதன் மெயின் ரோட்டில் 74ஆம் எண் கடைவீட்டில் வாழ்ந்தவர் சிபில் கார்த்திகேசு. ஆங்கிலத்தில் ‘கத்திகாசு’ என்பதுபோல் எழுதப்படுவதால், அது நம் கார்த்திகேசுதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவருடைய கணவர் மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசு தமிழர். சிபில், 1899 செப்டம்பர் 3 அன்று சுமத்ராவின் மேடானில் பிறந்த யுரேசியப் பெண். பயிற்சி பெற்ற தாதி, பேறு பார்ப்பவர். கத்தோலிக்கர். கான்டனீஸ் மொழியைத் தாய்மொழிபோல் பேசியவர். மருத்துவமனைத் தாதியை நாம் இன்றும் மிஸ்ஸி என்கிறோமே, அப்படித்தான் அவரும் அழைக்கப்பட்டார்.

நம் மார்க்கத்தைச் சேராத ஒருவருக்கு நம் மலரில் ஏன் இத்தனை இடம் என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஜப்பான்காரன் காலத்தில் இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பத் தலைவி எப்படி வாழ்ந்தார் என்பதற்கு, அவரே எழுதிய புத்தகத்தைவிட நெருக்கமான சாட்சி நமக்குக் கிடைக்கவில்லை.

ஈப்போ புரூஸ்டர் சாலையில், அதாவது இன்றைய சுல்தான் இட்ரிஸ் ஷா சாலையில், 141ஆம் எண்ணில் கணவனும் மனைவியும் மருந்தகம் நடத்தி வந்தார்கள். ஈப்போ விழுவதற்குச் சில நாள் முன்பு குடும்பம் பப்பானுக்கு இடம் மாறியது. வளர்ப்பு மகன் வில்லியம், மூத்த மகள் ஓல்கா, கடைக்குட்டி டான் ஆகியோர் உடனிருந்தார்கள். தலைமகன் மைக்கேல் 1919இல் பிறந்து ஒரு நாள்கூட நிறைவதற்குள் இறந்துபோன துயரத்தையும் இந்தத் தாய் சுமந்திருந்தார்.

பப்பானில் மிஸ்ஸி இரண்டு காரியங்கள் செய்தார். இரண்டுமே உயிருக்கு ஆபத்தானவை. முதலாவது வானொலி. வெளிநாட்டுச் செய்தி கேட்பதை ஜப்பானியர் தடை செய்திருந்தார்கள். அகப்பட்டால் தலை போகும். அவர் வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து, பிபிசி கேட்டு, செய்தியை நம்பகமானவர்களுக்குச் சொன்னார். அந்தப் பெட்டிக்கு ஜோசபின் என்று பெயர்கூட வைத்திருந்தார்! இரண்டாவது, மலையிலிருந்து இரவில் இறங்கி வந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்கு வைத்தியம். குண்டு பாய்ந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து, மருந்து கொடுத்து அனுப்பினார்.

1943இல் கணவரும் மகனும் பிடிபட்டார்கள். பிறகு அவரும் பிடிபட்டார். கெம்பெத்தாய் அவரை என்னென்ன செய்தது என்பதை முழுவதும் இங்கே எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளும் படிக்கும் மலர் இது. தண்ணீரைப் புகட்டினார்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டார்கள். முதுகெலும்பில் அடித்து நடக்க முடியாதவராக ஆக்கினார்கள். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். ஏழு வயது டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பை மூட்டி, பெயர்களைச் சொல் என்று தாயைக் கேட்டார்கள். சொல்லாதே அம்மா என்று குழந்தை சொன்னது. தாய் சொல்லவில்லை. மேலதிகாரி ஒருவர் வந்து தடுத்ததால் குழந்தை பிழைத்தது.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, “ஊரைக் காப்பாற்றப் பெற்ற பிள்ளையைப் பணயம் வைக்கலாமா?” என்று எங்கள் குழுவில் ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. சொல்லியிருந்தால் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அந்த மரத்துக்கு வந்திருப்பார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அதற்குப் பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை. நாங்கள் ஒரு முடிவுக்கும் வரவில்லை.

சிபிலுக்கு ஆயுள் தண்டனையும் கணவருக்குப் பதினைந்து ஆண்டுகளும் விதித்தார்கள். பத்து காஜா சிறையில் கிடந்தவரை 1945இல் ஜப்பானியர் சரணடைந்த பிறகே வெளியே கொண்டுவர முடிந்தது. சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அங்கேதான் தம் கதையை எழுதினார். ஜார்ஜ் பதக்கமும் கிடைத்தது. ஆனால் ஜப்பானியச் சிப்பாயின் பூட்ஸ் உதை தாடையில் ஏற்படுத்திய காயம் ஆறவேயில்லை. 1948 ஜூன் 12 அன்று, ஸ்காட்லாந்தின் லானார்க்கில், 48 வயதில் காலமானார். புத்தகம் அச்சாகி வந்தது 1954இல்.

அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். நான்கு நாள் கழித்து, ஜூன் 16 அன்று, இதே பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 18ஆம் தேதி மலாயா முழுவதும் அவசரகாலம். அவர் கட்டுப்போட்டு அனுப்பிய படை கம்யூனிஸ்டுகளின் தலைமையில் இருந்தது. நேற்றுவரை ஜப்பானியனை எதிர்த்தவர்கள், ஒரே வாரத்தில் அரசாங்கத்தின் எதிரிகளானார்கள். 1949 மார்ச்சில் அவருடைய உடல் ஈப்போவுக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டபோது நாடு அந்தச் சூழலில்தான் இருந்தது. யாருக்குச் சோறு போட்டோம், யாரை ஒளித்து வைத்தோம் என்று வாய்விட்டுச் சொல்வது ஜப்பான்காரன் போன பிறகும் ஆபத்தாகவே இருந்தது. நம் நன்னிமார்கள் “அந்தக் காலத்துக் கதை இப்ப எதுக்கு?” என்று பேச்சை மாற்றியதற்கு, வெட்கமும் அடக்கமும் மட்டும் காரணமாக இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறோம்.

ஈப்போ ஃபேர் பார்க்கில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. 2016இல் அவருடைய பிறந்தநாளுக்குக் கூகுள்கூடப் படம் போட்டது. பிள்ளைகளுக்கு விடுமுறை வந்தால் ஒருநாள் பப்பானுக்கு அழைத்துப் போங்கள். பாழடைந்த கடைவீடுகளுக்கு நடுவே 74ஆம் எண் வீட்டை நினைவிடமாகப் பேணி வருகிறார்கள். லகாட்டிலிருந்து சிறிது தூரம்தான்.

மலருக்கு வந்த படங்களில் சிலவற்றின் பின்புறம் ஆண்களின் பெயர்கள் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன. ஓரத்தில் நிற்கும் பெண்களை அடையாளம் தெரிந்தவர்கள் பெயரையும் ஊரையும் எழுதிச் செயலாளரிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கண்ணாடி அணிந்த மூத்தம்மா ஒருவரின் படம் மூன்று குடும்பங்களிலிருந்து வந்திருக்கிறது. அவர் யார் என்று மூன்று வீட்டாருக்குமே தெரியவில்லை.