பீரங்கி யாருடையது? தரங்கம்பாடி டேனியரும் தமிழகத்துச் சுடுகலன்களும்

தரங்கம்பாடி என்றதும் தமிழாய்வாளர் நினைவுக்கு வருவது அச்சுப்பொறி. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்க், 1715இல் வெளிவந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு, பொறையாற்றுக் காகித ஆலை ஆகியவற்றைப் பற்றி நம் மாநாடுகளில் நிறையவே பேசப்பட்டிருக்கிறது. அச்சுப்பொறி வருவதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னரே அக்கரையில் பீரங்கி வந்துவிட்டது. எழுத்து வார்ப்பதற்கு முன் அவ்வூரில் ஈயம் குண்டாக வார்க்கப்பட்டது. அந்த முன்வரலாறு தமிழில் போதிய கவனம் பெறவில்லை. பெற்ற இடத்திலும் ஒரு தவறான கருத்து வேரூன்றியிருக்கிறது. தஞ்சைப் பீரங்கிமேட்டில் உள்ள இராசகோபாலப் பீரங்கி டேனியரின் தொழில்நுட்ப உதவியால் உருவானது என்பதே அக்கருத்து. சுற்றுலாக் கையேடுகளில் தொடங்கி ஆய்வுக் கட்டுரைகள் வரை அது ஏறிவிட்டதால், அதனைப் பரிசோதிப்பது இக்கட்டுரையின் முதல் நோக்கமாகிறது.

முதலில் காலச்சூழல். டென்மார்க்கின் மன்னன் நான்காம் கிறிஸ்தியான் 1616இல் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினான். 1618இல் கப்பல்கள் புறப்பட்டபோது அவற்றின் இலக்கு தமிழகம் அன்று, இலங்கை. போர்த்துக்கேயருக்கு எதிராகக் கண்டி அரசனுக்குப் படையுதவி பெற்றுத் தருவதாகக் கூறி, மார்செலிஸ் பொஷ்கௌவர் என்ற ஒல்லாந்தர் டேனிய மன்னனை இணங்கச் செய்திருந்தார். அவர் கடலிலேயே இறந்தார். தலைமை தாங்கிய ஓவே கெடே அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். 1620 மே மாதம் அவர் இலங்கையை அடைந்தபோது, கண்டி அரசன் செனரத் அந்த உடன்படிக்கையை ஏற்க மறுத்தான். திருகோணமலையில், கோணேசர் கோயில் இருந்த மலைமுனையில், டேனியர் அரண் எழுப்பத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். அம்முயற்சி நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அங்கே தமது கோட்டையைக் கட்டினர்.

இதற்கிடையில், முன்னோடியாக அனுப்பப்பட்டிருந்த ரோலன்ட் கிரப்பேயின் கப்பலை 1619இல் காரைக்கால் கரையருகே போர்த்துக்கேயர் அழித்தனர். தப்பிய கிரப்பே தஞ்சை அரசவையை அடைந்தார். அதன் விளைவே 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கருடன் ஏற்பட்ட உடன்படிக்கையும், ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகையும், டான்ஸ்போர்க் கோட்டையும். நாயக்கர் கிறிஸ்தியானுக்குத் தமிழில் எழுதிய பொன்னேட்டு மடல் இன்றும் கோப்பன்ஹேகன் அரசு ஆவணக் காப்பகத்தின் உடைமையாக உள்ளது.

இவ்வுடன்படிக்கையை மிளகு வணிகத்தின் கதையாகவே பலரும் எழுதியுள்ளனர். டேனியர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரியே. நாயக்கர் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொரு கணக்குத் தெரிகிறது. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. சங்கிலி மன்னன் சிறைப்பட்டான். யாழ்ப்பாணத்தை மீட்பதற்குத் தஞ்சையிலிருந்து படைகள் அனுப்பப்பட்ட காலமும் இதுதான். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கேயர் வலுவாக ஊன்றியிருந்தனர். அந்நிலையில் அவர்களோடு பகைகொண்ட, கப்பலில் பீரங்கி ஏற்றிவரும் இன்னோர் ஐரோப்பியக் கூட்டத்தைத் தம் கரையில் குடியமர்த்துவது நாயக்கருக்கு அரசியல் ஆதாயம். அவருக்கு மிளகு வாங்குவோரைக் காட்டிலும் போர்த்துக்கேயரைக் கடலில் தடுப்போர் தேவைப்பட்டனர் என்பது என் கணிப்பு.

இந்தக் கணிப்பை ஏற்றுக்கொண்டாலும், டேனியர் தஞ்சைக்குப் பீரங்கி செய்து கொடுத்தனர் என்ற முடிவு அதிலிருந்து பிறக்காது. இராசகோபாலப் பீரங்கியையே பார்ப்போம். ஏறத்தாழ ஏழரை மீற்றர் நீளம். இருபது தொன்னுக்கு மேற்பட்ட எடை. நாற்பதுக்கு மேற்பட்ட நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, அவற்றின் மேல் தொண்ணூறுக்கு மேற்பட்ட இரும்பு வளையங்களைக் காய்ச்சிப் பூட்டி, அடித்து ஒட்டிச் செய்தது அது. வார்த்ததன்று. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் உலோகவியலாளர் ஆர். பாலசுப்பிரமணியம் முதலியோரின் ஆய்வு இதனைத் தெளிவாக்கியுள்ளது. அடித்து ஒட்டும் இம்முறை இந்தியக் கொல்லர்களுக்குப் புதிதன்று. தில்லி இரும்புத்தூண் அவ்வாறு உருவானதே. வங்காளத்து விஷ்ணுபூரில் உள்ள தல்மாதல் பீரங்கியும் அவ்வகையைச் சேர்ந்தது.

ஐரோப்பாவிலும் பதினைந்தாம் நூற்றாண்டில் பட்டையும் வளையமும் கொண்ட இரும்புப் பீரங்கிகள் இருந்தன. எடின்பரோக் கோட்டையில் உள்ள 1449ஆம் ஆண்டின் 'மொன்ஸ் மெக்' அவ்வினத்தது. ஆனால் 1620க்குள் வட ஐரோப்பா அம்முறையைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தது. கிறிஸ்தியானின் கப்பல்களிலும் அரண்களிலும் இருந்தவை வெண்கலத்தாலும் இரும்பாலும் வார்க்கப்பட்ட பீரங்கிகள். தாமே கைவிட்ட ஒரு முறையை, கப்பலில் வந்த சிறு குழுவினர், அதனைத் தொடர்ந்து கையாண்டுவந்த கொல்லர்களுக்குக் கற்பித்தனர் என்பது எவ்வாறு பொருந்தும்? இக்கருத்துக்கு ஆதாரம் ஆண்டு ஒற்றுமை ஒன்றே. பீரங்கி இரகுநாதர் காலத்தது. டேனியரும் இரகுநாதர் காலத்தில் வந்தனர். ஆகவே அவர்கள் செய்தனர். பனையும் விழுந்த பழமும் அங்கே வந்த காக்கையும் போன்ற வாதம் இது.

இக்கருத்து இவ்வளவு எளிதாக ஏற்கப்பட்டதற்குச் சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'பீரங்கி' என்ற சொல்லே அயலாரின் பெயர். பிராங்கியர் என்பதன் பாரசீக வடிவமான 'பிரங்கி'யின் வழி வந்தது. பறங்கியர், பறங்கிக்காய், பறங்கிப்பேட்டை எல்லாம் ஒரே வேரின. 'துப்பாக்கி' துருக்கிய மொழியிலிருந்து வந்தது. பெயரே பறங்கி என்றிருக்கும்போது செய்தவனும் பறங்கியாகத்தான் இருப்பான் என்று மனம் எண்ணிவிடுகிறது.

இதே மயக்கம் டேனியர் தொடர்பாகவே வேறொரு கண்டத்திலும் நிகழ்ந்துள்ளது. நைஜீரியா, கானா ஆகிய நாடுகளில் வாய்வழி மருந்திட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கு இன்றளவும் 'டேன் கன்' என்றே பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் டேனியக் கப்பல்கள் கினிக் கரைக்குக் கொண்டுசென்ற துப்பாக்கிகள் விட்டுச்சென்ற பெயர் அது. எல்சினோருக்கு அருகில் ஹெல்லெபெக்கில் இருந்த துப்பாக்கித் தொழிற்சாலையை 1768இல் ஹைன்றிக் கார்ல் சிம்மெல்மன் வாங்கினார். மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களும் கோப்பன்ஹேகனில் சர்க்கரை ஆலையும் அவருடையவை. துப்பாக்கி கொடுத்து மனிதரை வாங்கி, அம்மனிதரைக் கரும்புத் தோட்டத்தில் உழைக்க வைத்து, சர்க்கரையை ஊருக்குக் கொண்டுவரும் சுற்று முழுவதும் ஒரே குடும்பத்தின் கணக்கேட்டில் அடங்கியது. அக்கப்பல்களில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் இருந்த மற்றொரு முதன்மைச் சரக்கு இந்தியப் பருத்தித் துணி. நம் கரை நெசவாளரின் உழைப்பும் அந்த விலையில் ஒரு பங்காயிற்று என்பதை நாம் பெருமைப் பட்டியல்களில் சேர்ப்பதில்லை. 1792 மார்ச்சு 16இல் பிறந்த அரசாணைப்படி 1803 முதல் டேனியர் அவ்வணிகத்தை நிறுத்தினர்.

ஆனால் இன்று 'டேன் கன்' என்று வழங்கப்படுவதைச் செய்பவர்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கொல்லர்கள். வேட்டைக்காரர் தோளில் தொங்கும் அக்கருவி நெடுங்காலமாக உள்ளூர்க் கைவினை. பெயர் மட்டுமே டேனியருடையது. பண்டத்தின் பெயர் அதனைக் கொண்டுவந்த கொடியைச் சொல்லும்; செய்த கையைச் சொல்லாது. தஞ்சைக்கும் இது பொருந்தும்.

இனி, டேனியர் பீரங்கியோடு அக்கோட்டையில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு ஒரு நேர்ச்சாட்சி உண்டு. ஐஸ்லாந்தைச் சேர்ந்த யோன் ஒலாப்ஸன் (1593–1679) கிறிஸ்தியானின் பணியில் பீரங்கிக்காரராக இருந்தவர். 1622இல் புறப்பட்டு டான்ஸ்போர்க்கில் பணியாற்றினார். 1624இல் அங்கு நேர்ந்த வெடிவிபத்தில் படுகாயமுற்று, கைகள் ஊனமுற்று, ஊர் திரும்பினார். 1661இல் தம் தாய்மொழியில் எழுதிய தன்வரலாற்றில் தரங்கம்பாடியின் கோயிலையும் மக்களையும் காவற்பணியையும் விரித்துரைக்கிறார். ஹக்லூயிட் கழகத்தின் ஆங்கிலப் பதிப்பு 1923, 1932 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்தது. தமிழில் அது முழுமையாக வரவேண்டும்.

பீரங்கிக்காரனின் பகைவன் பெரும்பாலும் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெடிமருந்து நமத்துப்போகும். மிடாக்களை அவ்வப்போது புரட்டி வைக்க வேண்டும். இல்லையேல் வெடியுப்பு கசிந்து பிரியும். திரித்துப்பாக்கி ஏந்திய காவலன் கனலும் திரியை மழையிலிருந்து மறைத்துக்கொண்டே நிற்கவேண்டும். தோல் உறை, மருந்துக் கொம்பு, மெழுகிட்ட துணி ஆகியவை இல்லாமல் துப்பாக்கி வெறும் இரும்புத் தடி. கோட்டை வரலாறுகளில் தளபதிகளின் பெயர்கள் உண்டு, இத்துணைக்கருவிகள் இல்லை. 1669 வரை நெடுங்காலம் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் வராத நிலையில், எஸ்கில் கொங்ஸ்பக்கே என்ற எளிய குடியினர் கோட்டையைக் காத்து நகரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். அத்தனை ஆண்டுகளுக்கு மருந்தும் திரியும் உள்ளூரில் கிடைக்காமல் அவரால் தாக்குப்பிடித்திருக்க இயலாது. டேனிய ஆவணங்களில் 'தலியார்' என்று வரும் காவலர் நம் தலையாரிகளே.

மருந்து என்ற சொல்லிடத்துச் சற்று நிற்கவேண்டும். நோய் தீர்ப்பதையும் வெடிப்பதையும் தமிழ் ஒரே சொல்லால் குறிக்கிறது. டேனிய மொழியில் வெடிமருந்துக்குச் சொல் 'கிறுட்'. அது மூலிகை என்று பொருள்படும் கீழ்ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது. வாசனைத் திரவியத்தைக் குறிக்கும் 'கிறுதெரி'யும் அதற்கு உறவு. துப்பாக்கிக்கு அவர்களது பழஞ்சொல் 'பொசெ'. மிளகுத்தூள் தூவும் குப்பியும் அவர்களுக்கு 'பெபர்பொசெ'தான். தொடர்பற்ற இரு மொழிகள் இடித்துப் பொடித்த சரக்கைக் கண்டு ஒரே விதமாக எண்ணியுள்ளன. டென்மார்க்கில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேட்டை அனுமதி பெற்றுள்ளனர். ஈயச் சன்னத்தை 1996இலேயே முற்றாகத் தடைசெய்த நாடு அது. எண்பதுகளில் யூட்லாந்தின் சிற்றூர்களில் குடியேறிய எம்மவர்க்கு இலையுதிர்காலத்து வேட்டுச் சத்தம் வேறொன்றையே நினைவூட்டியது. அயலவருக்கு அது பொழுதுபோக்கு என்று விளங்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

வெடிமருந்தில் ஏறத்தாழ 75 விழுக்காடு வெடியுப்பு. ஐரோப்பியர் அதனை வங்காளத்திலிருந்து கப்பற் சுமையாகவே ஏற்றிச் சென்றனர். டேனியருக்கு அதற்கு வழியாக 1755 முதல் செராம்பூர் இருந்தது. மறு ஆண்டில் யோகான் பிரெடரிக் கிளாசென் சீலாந்தில் பிரெடரிக்ஸ்வேர்க் பீரங்கி வார்ப்பாலையைத் தொடங்கினார். வெடிமருந்து ஆலையும் அங்கு எழுந்தது. ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டில் சுடுகலனின் உயிர்ப்பொருள் கீழைத்தேசத்திலிருந்து டென்மார்க்கை நோக்கிப் பயணம் செய்தது.

பொருள் மட்டுமன்று, நுட்பமும் அத்திசையில் சென்றது. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலப் படையை நிலைகுலையச் செய்தவற்றுள் மைசூரின் இரும்புக்குழல் ஏவுகணையும் ஒன்று. 1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் அவற்றின் மாதிரிகள் இங்கிலாந்தை அடைந்தன. அவற்றைப் பின்பற்றி வில்லியம் கொங்கிரீவ் செய்த ஏவுகணைகள் 1807 செப்டெம்பர் 2 முதல் 5 வரை கோப்பன்ஹேகன் நகர்மீது பொழிந்தன. நகரின் ஒரு பகுதி எரிந்தது. அப்போரின் தொடர்ச்சியாகவே 1808 பெப்ரவரியில் ஆங்கிலேயர் தரங்கம்பாடியை மறுமுறை கைப்பற்றி 1815 வரை வைத்திருந்தனர். டேனியர் தமிழகத்துக்குப் பீரங்கி நுட்பம் தந்ததற்குச் சான்றில்லை. தென்னிந்தியாவில் உருவான படைக்கருவியின் வழித்தோன்றல் டேனியத் தலைநகரை எரித்ததற்குச் சான்று உண்டு.

1845இல் தரங்கம்பாடியும் செராம்பூரும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. டான்ஸ்போர்க்கின் பீரங்கிகள் சில இன்றும் கடலை நோக்கிக் கிடக்கின்றன. சிறுவர்கள் ஏறி அமர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றும் வார்த்ததா அடித்ததா, வாய் விட்டம் என்ன, உப்புப் படலத்துக்குக் கீழே வார்ப்பாலையின் முத்திரையோ மன்னனின் பெயரெழுத்தோ உள்ளதா என்று பார்த்துப் படியெடுத்து, தஞ்சைப் பீரங்கியின் அளவுகளோடும், கோப்பன்ஹேகனில் கிறிஸ்தியான் கட்டிய படைக்கலச் சாலையில் இன்றுள்ள போர் அருங்காட்சியகத்தின் பீரங்கிகளோடும் ஒப்பிடலாம். ஆய்வு மாணவர் ஒருவர் ஒரு விடுமுறைக் காலத்தில் செய்து முடிக்கக்கூடிய பணி இது. அடுத்த மாநாட்டில் அவ்வறிக்கையைக் கேட்க விரும்புகிறேன்.