ஆறு அலகுக்குள் படிப்பவர்: கலிபோர்னியச் சமுதாயக் கல்லூரிகளின் கட்டண விதிகள்

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் ஒரு பருவத்துக்கு 12 அலகுகள் படிப்பவர் முழுநேர மாணவர். 6 அலகுகள் படிப்பவர் அரைநேர மாணவர். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒரே ஒரு மூன்று அலகுப் பாடத்துக்கு வருபவர் இந்த இரண்டு வகையிலும் சேரமாட்டார். கட்டண விதிகள் அவருக்கு நியாயம் செய்கின்றனவா என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

மாநிலவாசிகளுக்கான சேர்க்கைக் கட்டணம் 1984-இல் வந்தது. ஆறு அலகுக்குக் குறைந்தால் அலகுக்கு 5 டாலர். ஆறும் அதற்கு மேலும் என்றால் பருவத்துக்கு மொத்தமாக 50 டாலர். ஐந்து அலகுக்கு 25 கட்டியவர் ஆறாவது அலகைச் சேர்த்ததும் 50 கட்ட நேர்ந்தது. 1993-இல் உச்சவரம்பு நீங்கி, அலகுக்கு 10 டாலர் என்றானது. 2012 கோடைப் பருவம் முதல் அது 46 டாலர். மூன்று அலகுக்கு 138, பன்னிரண்டுக்கு 552. படிக்கும் அளவுக்கே காசு என்னும் இந்த முறை எல்லா இடத்திலும் இல்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் மாநிலவாசியான முழுநேர மாணவர் பருவத்துக்கு 2,400 டாலர் கட்டினால் 15 அலகும் படிக்கலாம். அலகுக்கு 160 டாலர்தான் ஆகிறது. பகுதிநேர மாணவருக்கோ அலகு ஒவ்வொன்றுக்கும் 210. நேரம் இல்லாதவரிடமே கூடுதல் விலை வாங்கப்படுகிறது.

ஆனால் உதவித் திட்டங்களுக்கு வரும்போது கலிபோர்னியாவிலும் இந்த நியாயம் தேய்ந்துவிடுகிறது. வருமானம் குறைந்தோருக்குச் சேர்க்கைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் பழைய திட்டத்துக்குக் குறைந்தபட்ச அலகு நிபந்தனை இல்லை. 2017-இல் சட்டமான கட்டணமில்லாக் கல்வித் திட்டமோ பொதுவாக 12 அலகு கேட்கிறது. கூட்டாட்சி அரசின் கல்விக் கடனுக்கு அரைநேரச் சேர்க்கையாவது வேண்டும். முழுநேரம் படிப்பவரே பட்டத்தை விரைவில் முடிக்கிறார் என்பது இந்த வரம்புகளுக்குச் சொல்லப்படும் காரணம். அது உண்மைதான். ஆயினும் குழந்தையையும் வேலையையும் சுமப்பவருக்கு எந்த வரம்பும் நாளில் கூடுதல் மணியைத் தந்துவிடாது. அதே கூட்டாட்சி அரசு வருமானம் குறைந்த மாணவருக்குத் தரும் பெல் நிதியுதவி 2024-25 முதல் அலகு விகிதப்படி கணக்கிடப்படுகிறது. வரம்பு இல்லாமலும் உதவ முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வெளிமாநிலத்தார் நிலை இன்னும் கூர்மையானது. பருவம் தொடங்குமுன் ஓராண்டுக்கு மேல் மாநிலத்தில் குடியிருந்ததைக் காட்டாதவர், சேர்க்கைக் கட்டணத்தோடு வெளிமாநிலக் கட்டணமும் செலுத்த வேண்டும். கல்விச் சட்டத்தின் 76140-ஆம் பிரிவு, ஆறும் அதற்குக் குறைவாகவும் அலகு எடுக்கும் வெளிமாநிலத்தார் அனைவருக்கும் இக்கட்டணத்தை விலக்கக் கல்லூரி மாவட்டங்களுக்கு அதிகாரம் தருகிறது. ஆள் பார்த்து விலக்கு தரக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. அலுவலரின் தயவுக்கு இடம் வைக்காத அந்த வாசகம் பாராட்டுக்குரியது.

குறை அடுத்த அலகில் இருக்கிறது. வெளிமாநிலக் கட்டணம் அலகுக்கு 300 டாலர் என்று கொண்டால், ஆறு அலகுக்கு மாணவர் கட்டுவது 276 டாலர். ஏழாவது அலகைச் சேர்த்தால் விலக்கு முழுவதும் போய் 2,422 ஆகிறது. ஓர் ஆய்வக வகுப்பின் ஒற்றை அலகுக்காக அந்தத் தொகையைக் கட்ட எவரும் துணியமாட்டார், பாடத்தொடர் தள்ளிப்போகும். முதல் ஆறு அலகுக்கு விலக்கு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும் கட்டணம் என்று பிரிவைத் திருத்தினால் அதே மாணவர் செலுத்துவது 622 டாலர்.